ஏற்றத்தில் கூடும் எடை

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டாய்: "அப்பா, தோப்பு வண்டி ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குதுன்னு அம்மா சொன்னாங்களே, சரி பண்ணிட்டீங்களா?" நான் "பண்ணியாச்சு" என்றேன். அது உண்மையன்று. அடுத்த மாதம் உன் திருமணம் முடிந்ததும் நீயும் மருமகளும் சென்னையை விட்டு இங்கே வந்து தோப்பைப் பார்த்துக்கொள்வதாக முடிவாகியிருக்கிறது. அந்த வண்டியின் சாவியை உன் கையில் தரப்போகிறவன் நான். ஓர் இயந்திரம் ஒருவர் பொறுப்பிலிருந்து இன்னொருவர் பொறுப்புக்கு மாறும்போது, தீர்ந்த பழுதுகளையும் தீராத பழுதுகளையும் எழுத்தில் தர வேண்டும் என்பது, ராஜபாளையத்து நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகளாக நான் கடைப்பிடித்து வரும் விதி. வாயால் சொல்ல முயன்றேன், வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். உட்கார்ந்து, அவசரமின்றிப் படி.

வண்டியை நீ படத்தில்தான் பார்த்திருக்கிறாய். நான்கு தடித்த டயர்கள், மோட்டார் சைக்கிளுக்கு உள்ளது போன்ற கைப்பிடி, ஒரே ஓர் இருக்கை, அதன் பின்னால் தேங்காய் மூட்டை கட்டுவதற்கு ஓர் இரும்புத் தாங்கி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், நம் தோப்பின் கீழ்க்கொட்டகையிலிருந்து மேல்தோப்புக்குப் போகும் கல்பாதையில் டிராக்டர் ஏறாது. அதற்காகவே இதை வாங்கினோம். பாதையின் நடுவில் வனத்துறையின் சுண்ணாம்பு அடித்த எல்லைக்கல் ஒன்று இருக்கிறது. அதுவரை சமதளம். கல்லைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கி, மேல்தோப்பின் கதவில் முடிகிறது. வண்டியின் பெட்ரோல் டேங்கின் மீது ஓர் எச்சரிக்கை ஒட்டப்பட்டிருக்கும்: ஓட்டுபவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. ஏற்றத்தில் பின்பாரம் கூடினால் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி வண்டி மல்லாந்துவிடும். விதி சரியானது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

விதிகளோடு நான் எப்படி வாழ்ந்தேன் என்பது உனக்குத் தெரியும். உனக்குப் பன்னிரண்டு வயது முடிந்த மறுநாள், ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் நடத்துநர் வழக்கம்போல் உனக்கு அரை டிக்கெட் கிழித்தார். நான் முழு டிக்கெட் கேட்டேன். "ஏன் சார், ராத்திரியோட ராத்திரியா வளந்துட்டானா பய?" என்று அவர் கேட்க, பேருந்தே சிரித்தது. நீ சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். ராஜபாளையம் வரை என்னிடம் பேசவில்லை. நான் உன்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை. சரியானதைச் செய்தவன் எதற்காகச் சமாதானம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சரியாக இருப்பது ஒன்று, அருகில் இருப்பவனின் முகத்தைப் பார்ப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியும் என்பதை நான் மிகவும் தாமதமாகக் கற்றேன். கற்ற விதத்தைத்தான் இனிச் சொல்கிறேன்.

நம் தோப்புக் காவலர் மாடசாமியை உனக்குத் தெரியும். வன்னியம்பட்டிக்காரர், ஒல்லியான மனிதர். சித்திரை மாதத்தில் ஒரு நாள், உச்சிவேளையில், மேல்தோப்புக் கிணற்று மோட்டாரைப் பார்க்க நாங்கள் இருவரும் போக வேண்டியிருந்தது. நான் வண்டியில் மெதுவாகச் சென்றேன்; அவர் கூடவே நடந்து வந்தார். எல்லைக்கல் அருகே வந்ததும் பின் தாங்கியில் கையை ஊன்றி, ஒரு காலைத் தூக்கி வைத்தார்.

"மொதலாளி, முட்டிக்குக் கீழ விறுவிறுன்னு இழுக்கு. ஏத்தம் முடியுத மட்டும் பின்னால குத்தவச்சுக்கிடுதேன்."

நான் எச்சரிக்கையைச் சுட்டிக் காட்டினேன். "எழுதிப் போட்டிருக்கு மாடசாமி. ஒருத்தர்தான்."

அவர் சிரித்தார். "நான் எழுத்து தெரியாதவன்லா. என் ஒடம்புல என்ன எடை கெடக்கு? என்னைய ஏத்துனா வண்டிக்குத் தெரியவா போவுது?"

"வண்டிக்குத் தெரியும்" என்றேன்.

"அப்பம் சரி" என்று காலை எடுத்துக்கொண்டார். "நீங்க முன்னால போங்க. நான் பொறவாலயே வாரேன்."

மேல்தோப்புக் கதவருகே பத்து நிமிடம் காத்திருந்தேன். பிறகு இன்னும் பத்து நிமிடம். திரும்பி இறங்கி வந்தபோது, அவர் எல்லைக்கல்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். செருப்புகளைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்திருந்தார். கண்கள் ஏற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. மாரடைப்பு என்று மருத்துவமனையில் சொன்னார்கள். வண்டியில் ஏற்றியிருந்தாலும் நடந்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். அந்த வாக்கியத்தைப் பல நாள் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். அடக்கம் முடிந்து வீடு வந்த பிறகு உன் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்: "நீங்க எறங்கி நடந்திருக்கலாம்ல?" மகனே, அதுவரை அப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. இருவர் ஏறக் கூடாது என்றுதான் விதி சொன்னது. யார் இறங்க வேண்டும் என்று அது சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு வண்டியை மறுபடி எடுத்தேன். கொட்டகையிலிருந்து கல்வரை குறையில்லாமல் ஓடியது. கல்லைத் தாண்டியதும் எஞ்சின் குரல் தாழ்ந்தது. கைப்பிடியை முழுவதும் திருகியும் வேகம் கூடவில்லை. புகைக்குழாயிலிருந்து கரும்புகை வந்தது. பெரிய மூட்டையை இழுப்பது போல முக்கி முனகிக் கதவுக்குப் போய்ச் சேர்ந்தது. இதில் வியப்பில்லை. சமதளத்தில் எஞ்சின் தன் பலவீனத்தை மறைத்துக்கொள்ளும். ஏற்றம்தான் அதைச் சொல்ல வைக்கும். இந்த இடத்தில் என் தொழில் எனக்குக் கற்றுத் தந்ததை உனக்குத் தருகிறேன். பெட்ரோல், காற்று, தீப்பொறி, சிலிண்டரின் உள்ளழுத்தம்: இந்த நான்கில் ஒன்று குறையாமல் எஞ்சின் இளைப்பதில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதி. மாற்றியதை எழுதி வை. இரண்டை ஒன்றாக மாற்றினால் வண்டி சரியாகிவிடலாம். எது பழுது என்பது மட்டும் உனக்குத் தெரியாமலே போய்விடும்.

பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் வடித்துப் பார்த்தேன். அடியில் தண்ணீர் இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். முனை கரிபிடித்துக் கறுத்திருந்தது. பெட்ரோலுக்கு ஏற்ற காற்று உள்ளே போகவில்லை என்பதற்கு அது அடையாளம். இவ்வகை வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்ட அனுமதி இல்லை. ஆகவே ஒரு லோடு வேனில் ஏற்றி, மேலாளரிடம் சொல்லிவிட்டு, ராஜபாளையத்துக்கு நம் ஆலையின் பட்டறைக்கே கொண்டுபோனேன். இருக்கையைத் தூக்கினால் அடியில் மூடியும் நான்கு கிளிப்புகளுமாக ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். எஞ்சின் மூச்சு வாங்குவது அதன் வழியாகத்தான். ஏர் ஃபில்டர் அதற்குள்தான் இருக்கிறது. திறந்தேன். ஃபில்டரின் மேல் ஒரு மஞ்சள் துணி முடிச்சு கிடந்தது. ஓடிய அதிர்வில் முடிச்சு இளகி, உள்ளிருந்த செம்மண் ஃபில்டரின் எண்ணெய்ப் பிசுக்கில் அப்பிக்கிடந்தது. காரணம் கிடைத்த மகிழ்ச்சியில் நான் வேறெதையும் யோசிக்கவில்லை. துணியை உதறி எறிந்தேன். கம்ப்ரசர் குழாயை எடுத்து, பெட்டியிலிருந்த மண்ணையெல்லாம் சுவரைப் பார்த்து ஊதித் தள்ளினேன். ஃபில்டரைக் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டுப் பொருத்தினேன். ஆலை முற்றத்தில் வண்டி புதிதுபோல் ஓடியது. குறிப்பேட்டில் "பழுது தீர்ந்தது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மறுநாள் தோப்புக்கு வண்டி திரும்பியதும் முத்துக்கனி வந்தாள். மாடசாமியின் மனைவி; அவர் போன பிறகு தோப்பு வேலையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"மொதலாளி, சீட்டுக்கு அடியில ஒரு டப்பா இருக்கும்லா, அதுக்குள்ள ஒரு மஞ்சத்துணி முடிச்சு..."

"நீங்களா வச்சீங்க?"

"ஆமா. அவிய உக்காந்திருந்த எடத்து மண்ணு. பேரு சொல்லிக் கூப்பிட்டு எடுத்தேன். வழியில உசுரு போனவியள அப்பிடித்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வருவோம், எங்க வழக்கம். நேரா வீட்டுக்குத்தான் கொண்டு போவணும். ஆனா எறக்கிவிட்ட வண்டில ஒருக்கா ஏத்திவைக்கணும்னு மனசு கேட்டுச்சு. மூணு வெள்ளி ஏறி எறங்கட்டும், பொறவு கொண்டு போவலாம்னு இருந்தேன்." அவள் குரலில் கோபமே இல்லை. "மூடியும் கிளிப்புமா இருந்துச்சா, சாமான் வைக்குத டப்பான்னு நெனச்சுட்டேன். வண்டிக்கு ஆவாதோ?"

"ஆகாது."

"முடிச்சு எங்க?"

மகனே, ஐம்பது வயதில் நான் தடுமாறினேன். "பத்திரமா இருக்கு. ராஜபாளையத்துல" என்றேன்.

"அப்பம் சரி. வார வெள்ளிக்கெழம கொண்டாருங்க. நல்ல நாளு."

அன்று உச்சிவேளையில் வண்டியில் ஏறினேன். ஃபில்டர் சுத்தம், புதிய பிளக். கல்லைத் தாண்டியதும் எஞ்சின் குரல் மறுபடி தாழ்ந்தது. இம்முறை கரும்புகை இல்லை. திணறல் இல்லை, விக்கல் இல்லை. எஞ்சின் ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனால் பாரம் இழுக்கும் எஞ்சினின் குரலில் ஓடியது. அடுத்த மூன்று நாட்களில் எதையும் விடவில்லை. சக்கரங்களைத் தூக்கி நிறுத்திச் சுற்றினேன். பிரேக் எங்கும் உரசவில்லை, நான்கும் தாராளமாகச் சுழன்றன. பெல்ட்டை அளந்தேன், தேய்மானம் வரம்புக்குள் இருந்தது. உள்ளழுத்தம் சரி. பெட்ரோல் மூடியின் காற்றுத் துளை திறந்திருந்தது. புகைக்குழாயில் அடைப்பு இல்லை. பிளக்கைக் கழற்றினால், நன்றாக எரியும் எஞ்சினுக்குரிய வெளிர்பழுப்பு நிறம். பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். வண்டி வாங்கிய புதிதில் கல்லிலிருந்து கதவு வரை நேரம் குறித்திருந்தேன்: நான் மட்டும் ஏறினால் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி, அறுபது கிலோ தேங்காய் மூட்டையைப் பின்னால் கட்டினால் இரண்டு நிமிடம் இருபது விநாடி. இப்போது தனியாக ஏறினேன். இரண்டு நிமிடம் இருபது விநாடி. மறுபடி ஏறினேன். அதே நேரம்.

மூன்றாம் முறை கதவருகே நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன். காற்று இல்லை, ஓர் ஓலைகூட அசையவில்லை. நான் இருக்கையை விட்டு எழவில்லை. கையையும் காலையும் அசைக்கவில்லை. பின்பக்கத்து ஸ்பிரிங்குகள் கிறீச்சிட்டு, நான் உட்கார்ந்திருந்த இருக்கை ஒரு விரற்கடை மேலே எழுந்தது. பாரம் இறங்கினால் எழுமே, அதுபோல. திரும்பிப் பார்க்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. தாங்கியில் யாரும் இல்லை. செம்புழுதி படிந்திருந்த அந்த இரும்புத் தாங்கியில், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு மட்டும் புழுதி இல்லை.

கதவுக்கு உள்பக்கம் முத்துக்கனி தேங்காய்களைக் குவித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "வந்துட்டாவளா?"

நான் மறுபடியும் தாங்கியைத் திரும்பிப் பார்த்தேன்.

"இங்கன மட்டும் வந்து என்ன செய்ய? கூட மண்ணு இருந்தாத்தான் வீட்டுக்கு எறங்கி வர முடியும். இல்லன்னா திரும்பக் கல்லுகிட்டயே நடந்து போயிருவாவ. அந்த முட்டி வலியோட."

வேறு மண் எடுக்கலாமே என்று கேட்டேன். அவள் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஒருக்கா கூப்பிட்டாச்சு, வந்துட்டாவ. வந்தவியள மறுபடி கூப்பிட்டா, தான் எங்க இருக்கோம்னு அவியளுக்கே தெரியாமப் போயிரும். வெள்ளிக்கெழம கொண்டாந்திருவியள்லா?" நான் தலையை ஆட்டினேன். அந்த மண் இந்த உலகில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதை ஊதித் தள்ளியவன் நான்.

இறந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது பற்றி நம் திருச்சபையில் எனக்குக் கற்பிக்கப்பட்டது வேறு. அதை நான் இன்றும் நம்புகிறேன். நான் கண்டதற்கு விளக்கம் தர இதை எழுதவில்லை. நேரத்தை அளந்தேன், அளந்ததைச் சொல்கிறேன். ஆனால் அந்த நாட்களில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வண்டியில் நான் சோதிக்காத பாகம் மிச்சமில்லை. மிச்சமிருந்தது ஒரு பொய் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு உனக்கும் ஒரு பொய் சொன்னேன். முறைப்படி அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். எந்தப் பெட்டியைத் திறந்தாலும், உள்ளே இருப்பது அழுக்குத்தானா, அல்லது யாரோ ஒருவர் வைத்ததா என்று கேட்டுவிட்டு அப்புறம் ஊது. நீ வந்ததும் அந்த ஏற்றத்தில் நீ ஓட்டு. நான் நடந்து வருகிறேன். அதற்கு முன் தனியாக எடுக்காதே. இது என் வேண்டுகோள்.

நேற்று வியாழக்கிழமை. வன்னியம்பட்டிக்குப் போனேன். முத்துக்கனி வீட்டு வாசலில் நின்றபடியே, நடந்ததை முழுவதும் சொன்னேன்: துணியை எறிந்ததை, மண்ணை ஊதியதை, பத்திரமாக இருப்பதாகச் சொன்னதை. அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எங்க வச்சு ஊதுனிய?"

"மில்லுல. பட்டறையில."

"மில்லுக்கு உள்ளயா?" அவள் முகத்தில் வந்தது சிரிப்பா, அழுகையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "அந்த மில்லுக் கேட்டுல வேல கேட்டு எம்புட்டு நாள் நின்னாவ தெரியுமா? கல்யாணம் ஆன புதுசுல. எட்டாப்புப் படிச்சிருக்கணும்னு சட்டமாம், உள்ளயே விடல. செத்த பொறவுதான் போயிருக்காவ." பிறகு சேலை முந்தானையை இழுத்துச் செருகினாள். "பொய் சொல்லாம இருந்திருக்கலாம் மொதலாளி. வாங்க, போவோம்."

எட்டாம் வகுப்பு என்ற அந்த விதியை எழுதியவன் நானல்லன். ஆனால் பல ஆண்டுகள் அதைக் காத்தவர்களில் ஒருவன். வெளியாட்கள் பட்டறைக்குள் வரக் கூடாது என்பதும் விதிதான். அவளுக்கு என் பொறுப்பில் அனுமதி எழுதி உள்ளே அழைத்துச் சென்றேன். பட்டறைத் தரையை நாள்தோறும் பெருக்குவார்கள். ஒரு வாரத்துக்கு முன் ஊதிய மண் எங்கே இருக்கும்? கம்ப்ரசருக்கும் சுவருக்கும் நடுவே விளக்குமாறு நுழையாத ஒரு சாண் இடைவெளி. நான் மண்டியிட்டு டார்ச் அடித்தேன். ஆலைக்குள் எங்கும் பறக்கும் பஞ்சுத் தூசு அங்கே வெள்ளையாக மெத்தைபோல் படிந்திருந்தது. அதன் நடுவில் செக்கச்செவேலென்று மண். முத்துக்கனி என்னை விலக்கிவிட்டுத் தரையில் படுத்துக் கையை உள்ளே நீட்டினாள். ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசரின் இரைச்சலில், அவள் யார் பெயரையும் சொல்லவில்லை. "நாந்தான்" என்று மட்டும் சொன்னது எனக்குக் கேட்டது. அந்நேரம் கம்ப்ரசர் நின்றது. தொட்டி நிறைந்தால் அது தானே நிற்கும். நிற்க வேண்டிய நேரம்தான். அந்த அமைதியில் அவள் பஞ்சோடு ஒட்டிய மண்ணை, ஒரு பொட்டு சிந்தாமல், புதிய மஞ்சள் துணியில் முடிந்தாள். முடிச்சை ஒரு முறை கையில் தூக்கிப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டாள். ஒரு பிடி மண்ணுக்கு இரண்டு கைகள் தேவையில்லை. அவள் தோள்கள் இறங்கியிருந்தன.

வாயிற்காவலர் பதிவேட்டை நீட்டினார். உள்ளே வந்தவர்கள் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 'ஒன்று' என்று அவரே எழுதியிருந்தார். வெளியே செல்பவர்கள் என்ற கட்டம் காலியாக இருந்தது. நான் பேனாவை வாங்கி 'இரண்டு' என்று எழுதினேன்.

அவர் பார்த்தார். "சார், அந்தம்மா ஒராள்தான உள்ள போனாவ? ஒத்த எழுத்து மாறுனா என்னைய ரெண்டு நாள் நிக்கவச்சுக் கேப்பிய, இப்பம் நீங்களே..."

"எழுதினது சரிதான்" என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.

அவர் பதிவேட்டைப் பார்த்தார். முத்துக்கனியின் கைகளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னாலும் பார்த்தார். எங்கள் ஆலையின் பெரிய கதவிலுள்ள திட்டிவாசல் ஒருவர் மட்டுமே குனிந்து போகும் அகலம் உடையது. அவர் அதைச் சாத்தினார். பிறகு பெரிய கதவின் தாழை நீக்கி, இரண்டு கைகளாலும் தள்ளி, முழுவதுமாகத் திறந்துவிட்டார்.

உன் அப்பா